இத்தாலி பேண்டின் இடது பாக்கெட்

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு பேண்ட் கடையில் வேலை பார்த்தார். பேண்ட் கடை என்றால் நம்மூர் மாதிரி சட்டை, பனியன், ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் கலந்து விற்கிற கடை இல்லை. பேண்ட் மட்டும். அதுவும் இத்தாலியிலிருந்து வருகிற பேண்ட் மட்டும். ஆபீசுக்குப் போடுகிற பேண்ட்கூட இல்லை. பணக்காரர்கள் வேலைவெட்டி இல்லாத நேரத்தில் போட்டுக்கொண்டு காபி குடிக்கப் போகிற பேண்ட். இதற்கென்று ஒரு தனிக் கடை இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கல்யாணப் பேச்சில் 'துபாயில ஜவுளிக்கடையில மேனேஜர் மாதிரி' என்றுதான் சொன்னார்கள். அந்த 'மாதிரி'யை நான் அப்போது கவனிக்கவில்லை.

கல்யாணம் 2004இல் நடந்தது. நான் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி வீடு. பஸ் பிடித்தால் அம்மா வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் என்பதால் புகுந்த வீடு, பிறந்த வீடு என்ற பெரிய வித்தியாசம் எனக்கு இருந்ததில்லை. வித்தியாசமெல்லாம் துபாய்க்கும் சிதம்பரத்துக்கும்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும். பிள்ளை சாப்பிட்டாளா, கரண்ட் இருக்கிறதா, உங்க அம்மாவுக்குச் சுகர் எப்படி என்று மளமளவென்று கேட்டு முடித்துவிட்டு பேண்டுக்கு வந்துவிடுவார். வேறு வீட்டு ஆம்பிளைகள் போனில் ஊர்க்கதை பேசுவார்கள். என்னுடையவர் துணி பேசுவார்.

"இந்த சீசன் புது ஃபிட் வந்திருக்கு புள்ள. கேரட்டு ஃபிட்டுன்னு பேரு."

"கேரட்டா?"

"ஆமா. இடுப்புக்கிட்ட அகலம், கீழ வரவரக் குறுகல். கேரட்டு மாதிரி."

"நம்மூரு ஆளுங்க போட்டா முள்ளங்கி மாதிரி இருக்கும் மச்சான்."

அவர் சிரிக்க மாட்டார். பேண்ட் விஷயத்தில் அவருக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. ஸ்லிம் என்றால் தொடையிலிருந்தே பிடிக்கும், டேப்பர் என்றால் முழங்காலுக்குக் கீழேதான் பிடிக்கும், இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவன் கஸ்டமரே இல்லை என்று பாடம் எடுப்பார். போன் கார்டு தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்துபோகும். நான் ரிசீவரை வைத்துவிட்டு, அடுத்த வாரமாவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாரா என்று நினைத்துக்கொண்டே சோறு வடிக்கப் போவேன்.

லீவில் வரும்போது ஒரு பெட்டி முழுக்கப் பேண்ட் இருக்கும். சீசன் முடிந்து மிஞ்சியவை, ஷோகேஸில் தொங்கி ஒரு பக்கம் வெளுத்தவை, பட்டன் தொலைந்தவை. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சகாயமாகக் கொடுப்பார்களாம். மற்ற வீடுகளில் துபாய்ப் பெட்டி திறந்தால் சென்ட் வாசனையும் சாக்லெட் வாசனையும் வரும். எங்கள் வீட்டில் புதுத்துணி வாசனைதான் வரும். என்னைக் கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு துணியையும் கையில் கொடுத்து எது எது என்று கேட்பார். முதல் லீவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த லீவில், தொட்டதுமே சில்லென்று மொறுமொறுப்பாக இருந்தால் லினன், இழுத்தால் ரப்பர் போல நீண்டு திரும்பினால் ஸ்ட்ரெச் காட்டன், வரப்பு வரப்பாக விரலில் ஓடினால் கார்டுராய், கனமாக வழவழவென்று இருந்து விட்டதும் நேராக விழுந்தால் ட்வில் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எங்கள் மகள் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. அப்போது அவர் துபாயில் இருந்தார், பார்க்க வழியில்லை என்பது வேறு விஷயம்.

என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு லினன் பேண்ட் கொடுத்தார். அத்தா ஓ.டி.யில் மளிகைக் கடை வைத்திருந்தார். மணல் நிறத்தில், பார்க்கவே கசங்கலாக இருந்த அந்தப் பேண்டை அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "மருமவன் அவசரத்துல அழுக்கு மூட்டையிலேர்ந்து எடுத்துட்டாரு போல" என்று சொல்லி ஊறவைத்து, கஞ்சி போட்டு, தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொடுத்தனுப்பினாள். இஸ்திரிக்காரர் கத்தி போல நடு மடிப்பு வைத்து, நாலு நாள் உட்கார்ந்தாலும் கலையாதபடி தேய்த்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அத்தா ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த போட்டோவைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். கசங்கல்தான் அந்தத் துணியின் அழகாம், அதற்குத்தான் இத்தாலிக்காரன் காசு வாங்குகிறானாம். "கசங்கினதுக்குக் காசா? எங்க வீட்டுல கொடியில நெறைய இருக்கு, கொண்டு போயி விக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

என் வீட்டுக்காரருக்கே ஒரு அனுபவம் உண்டு. இடுப்பு இறங்கிய ஸ்லிம் பேண்டைப் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் ஜும்ஆவுக்குப் போனார். குனிந்தபோது சட்டை மேலேறிவிட்டது. பின் வரிசையில் இருந்த பெரியவர் தொழுகை முடிந்ததும் தோளைத் தட்டி, "தம்பி, அடுத்த வாரம் ஜிப்பா போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாராம். மறுவாரம் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிற குட்டை மாடல் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். தொழும்போது பேண்டின் அடி கணுக்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பார்கள். மற்றவர்கள் மடித்துவிட்டுக்கொண்டிருக்க, இவர் மடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அதே பெரியவர் வெகுவாகப் பாராட்டினாராம். இடுப்பில் வாங்கிய திட்டைக் கணுக்காலில் சரிக்கட்டிவிட்டேன் என்று அந்த லீவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படி எங்களுக்கு விளையாட்டாக இருந்த பேண்ட் விஷயம், என் தம்பி விஷயத்தில் விளையாட்டாக இல்லை.

தம்பிக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. இடது கால் தொடையிலிருந்தே மெலிந்து, பலம் இல்லாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு டவுசர் போட்டுப் போன காலத்தில், இடது கையால் முழங்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பான். அழுத்தாவிட்டால் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் அவன் பின்னால் அதே மாதிரி தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டுவார்கள். நான் அவர்களில் ஒருத்தனின் முடியைப் பிடித்து இழுத்து, அவன் அம்மா எங்கள் வீட்டுக்குச் சண்டைக்கு வந்திருக்கிறாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போய் முழுக்கால் பேண்ட் போட ஆரம்பித்ததும் தம்பியின் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. லேசாகச் சாய்ந்துதான் நடந்தான், ஆனால் தொடையைப் பிடிக்கவில்லை. கால் தேறிவிட்டது என்று அம்மா தர்காவுக்குப் போய் நேர்ச்சைச் சர்க்கரை வைத்து ஓதிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் பேண்டை விடவே இல்லை. எங்கள் வீட்டு ஆம்பிளைகள் கடை மூடி வந்ததும் லுங்கிக்கு மாறிவிடுவார்கள். தம்பி மட்டும் மாற மாட்டான். படுக்கிற நேரத்தில் அறைக்குள் போய் லுங்கி கட்டுவான், காலையில் பேண்டோடுதான் வெளியே வருவான். விருந்தாளி வந்தாலும் பேண்ட், காய்ச்சல் வந்தாலும் பேண்ட். எப்போதும் இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். "பெரியவங்க முன்னாடி பாக்கெட்ல கை வுட்டுக்கிட்டு நிக்கிறியே, என்ன திமிருடா?" என்று அத்தா வாய் ஓயாமல் திட்டுவார். தைக்கக் கொடுக்கும்போது இடது பாக்கெட்டை மட்டும் ஆழமாகத் தைக்கச் சொல்லுவான். "அதுல என்ன அரிசியா அள்ளப் போற?" என்று நானும் கேலி செய்திருக்கிறேன். செல்போன் வைக்க என்பான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிநேகிதனோடு சேர்ந்து செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், அதனால் நாங்களும் நம்பிவிட்டோம்.

அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தது 2009இல். காலைப் பற்றித் தரகர் முதலிலேயே சொல்லிவிடுவார், நாங்கள் எதையும் மறைக்கவில்லை. போட்டோவில் உட்கார்ந்திருக்கிற பையனை எல்லோருக்கும் பிடிக்கும். நேரில் போய், வாசலிலிருந்து நாற்காலி வரை அவன் நடக்கிற தூரத்தில் அவர்கள் முகம் மாறும். வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் தரகரின் போன் வந்துவிடும். "தங்கமான பையன்னு சொல்றாங்க" என்பார். தங்கமான பையன் என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்று கொஞ்ச நாளில் எங்களுக்கே பழகிவிட்டது.

கடைசியாக ஒரு வீட்டில் அப்படித் தங்கமாகித் திரும்பி வந்த அன்று, தம்பி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பரங்கிப்பேட்டையில் இன்னொரு இடம் இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். நர்சரி பள்ளியில் டீச்சர், நல்ல குடும்பம்.

"இதுக்கு வரேன் லாத்தா. ஆனா இதுதான் கடைசி," என்றான். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். "இதுக்கப்புறம் என்னை யாரு வீட்டு வாசல்லயும் நடக்க வுட்டு வேடிக்கை காட்டாதீங்க. கல்யாணமே வேணாம்."

சொன்னால் சொன்னதுதான் என்கிற பிடிவாதம் அவனுக்கு உண்டு. எனக்கும் உண்டு. அவன் கால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒரு நொடிகூடத் தெரியக்கூடாது, அதற்கேற்ற ஒரு பேண்ட் எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். இத்தனை வருஷம் துணிக்கதை கேட்டதற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?

அவனைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னேன். பெட்டியிலிருந்த பேண்டுகளைக் கட்டிலில் பரப்பினேன். பரங்கிப்பேட்டையில் கடல் காற்று அடிக்கும் என்பதால் டேபிள் ஃபேனை எடுத்துத் தரையில் வைத்து வேகமாக ஓடவிட்டேன். அதன் முன்னால் அவனை நடக்கச் சொன்னேன். சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தான். பொறுமையாக என் சொல்லைக் கேட்டான் என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

லினன் நின்றபோது அழகாக இருந்தது. ஃபேன் காற்று பட்டதும் இடது காலோடு ஒட்டிக்கொண்டு, எலும்பைச் சுற்றிப் படபடவென்று அடித்தது. கழற்று என்றேன். ஸ்ட்ரெச் ஸ்லிம்மை அவன் பாதி ஏற்றும்போதே வேண்டாம் என்றேன். வலது தொடையைக் கவ்விப் பிடித்து, இடது பக்கம் மட்டும் சுருக்கம் விழுந்து, என்ன வித்தியாசம் என்பதை அளவெடுத்த மாதிரி காட்டியது. கேரட் மேலே தளதளவென்று மறைத்தது, ஆனால் கீழே குறுகும் இடத்தில் ஒரு கால் நிறைந்தும் ஒரு கால் காலியாகவும் இருந்தது. கார்டுராய் கனமாக நன்றாகத்தான் விழுந்தது. அவன் நடந்தபோது தொடை உரசி 'வரக்... வரக் வரக்...' என்று சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் அவன் நடை காதில் விழுந்தது. அவனே நின்றுவிட்டான். அதையும் ஓரமாகத் தூக்கிப் போட்டேன்.

கடைசியில் பெட்டியின் அடியில் கடைக் கவரோடு ஒன்று கிடந்தது. கரும்பச்சை நிறம், கனத்த காட்டன் ட்வில், இடுப்பு உயரமாக ஏறி, முன்னால் இரண்டு பக்கமும் கொசுவம் வைத்து, தொடையிலிருந்து அடி வரை பிடிக்காமல் நேராக விழுகிற பேண்ட். ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தாலும் துணி அசைந்ததே தவிர ஒட்டவில்லை. இரண்டு காலும் ஒரே கால் போலத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பீரோ கண்ணாடி முன்னால் அவனைத் திருப்பித் திருப்பி நிறுத்தி, "பாருடா, பாருடா" என்று குதித்தேன்.

அவன் இடுப்புப் பக்கம் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்கெட்டு இல்ல லாத்தா" என்றான்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வெறும் டிசைனுக்குக் கோடு போட்டிருக்கான். நல்லதாப் போச்சு. செல்லையும் சாவியையும் போட்டுத் தொங்க வுட்டா துணி விழறதே கெட்டுப் போவும்."

"இல்ல லாத்தா... வேற ஏதாச்சும் பாப்போம்."

"வேற எதுவும் இல்ல. இதுதான். செல்ல நான் என் பையில வச்சிக்கிறேன், போதுமா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அதற்குள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணப் போய்விட்டேன். போனில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் பேண்டின் நம்பரைக் கேட்டு, "சரியாத்தான் எடுத்திருக்க, அது ராஜா துணி" என்று பாராட்டினார். அவர் பாராட்டினால் நான் எதையும் மறந்துவிடுவேன். பாக்கெட் விஷயத்தை நான் கேட்கவே இல்லை.

பரங்கிப்பேட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போனோம். அத்தா, அம்மா, நான், தம்பி. பெண் வீடு இருந்த தெருவுக்குள் கார் நுழையவில்லை. தெருமுனையில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. நினைத்தபடியே காற்று அடித்தது, நினைத்தபடியே துணி நேராக விழுந்தது. நான் பெருமையோடு அவன் பின்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம்தான். அவன் கை இடது பாக்கெட் இருக்க வேண்டிய இடத்துக்குப் போயிற்று. உள்ளே நுழைய முடியாமல் திரும்பியது. இன்னும் இரண்டு அடி வைத்ததும் மறுபடி போயிற்று. சாத்திய கதவைப் பூனை பிராண்டுகிற மாதிரி அந்தக் கை அங்கேயே போய்ப் போய் வந்தது. பெண் வீட்டு வாசற்படிக்கு முன்னால் முட்டி மடங்கியது. சட்டென்று குனிந்து, இடது தொடையை வெளியிலிருந்தே அழுத்திப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட நாள் போலவே. எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை, எடுக்க முடியாது. குனிந்தபடியே படியேறி, குனிந்தபடியே கூடத்துக்குள் போனான்.

அவன் கால் தேறவே இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது. இத்தனை வருஷமும் பாக்கெட்டுக்குள்ளிருந்தபடியே அந்தக் கை தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தா திமிர் என்று திட்டியபோதும் அவன் சொல்லவில்லை. பாக்கெட் இல்லை லாத்தா என்று என்னிடம் சொன்னான், நான் டிசைன் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

ஆம்பிளைகள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னையும் அம்மாவையும் உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கூடத்துக்கும் அறைக்கும் நடுவே பூப்போட்ட திரை தொங்கியது. அந்தத் திரையின் ஓரத்திலிருந்துதான் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பாள்; எல்லா வீட்டிலும் அப்படித்தான். இந்தப் பெண் திரைக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, வகுப்பில் பரீட்சை மேற்பார்வை பார்க்கிற டீச்சர் போலவே உட்கார்ந்திருந்தாள். மாநிறம், கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்து சலாம் சொல்லிவிட்டு மறுபடி திரை பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். எப்போது மாறும் என்று காத்திருந்தேன்.

கூடத்தில் பேச்சு எழவில்லை. அவளுடைய வாப்பா ஏதோ கேட்டார், தம்பி தலையைத் தூக்காமல் பதில் சொன்னான். உட்கார்ந்த பிறகும் அவன் கை பேண்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"லாத்தா," என்று அவள் என்னை மெதுவாகக் கூப்பிட்டாள். "அவுங்க பேண்டு புதுசா?"

"ஆமாம்மா. எங்க வீட்டுக்காரரு துபாயிலேர்ந்து கொண்டாந்தது."

"பாக்கெட்டு தையல் பிரிக்காம இருக்கு."

"என்னது?"

"எங்க மாமா சிங்கப்பூர்லேர்ந்து கோட்டு கொண்டாந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. கடையில தொங்குறப்ப வாய் தொறக்காம இருக்க லேசா தச்சு அனுப்புவாங்களாம். போடுறதுக்கு முன்னாடி நாமதான் பிரிச்சுக்கணும். உள்ள பாக்கெட்டு இருக்கும் லாத்தா." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஜன்னல் வழியா பாத்தேன், தெருவுலேர்ந்தே கைய வச்சு வச்சுப் பாக்குறாங்க. பாவம், அது இல்லாம நடக்க முடியல அவுங்களுக்கு."

அவள் எழுந்து போய் தையல் மிஷின் டிராயரைத் திறந்து ஒரு குட்டிக் கத்திரியை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போதுதான் அவளுடைய மாமி டீ டம்ளர்களை அடுக்கிய தட்டோடு கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தட்டில், சமோசாவுக்குப் பக்கத்தில், கத்திரியை வைத்தாள்.

"என்னடி இது?" என்று மாமி தட்டோடு நின்றுவிட்டாள்.

"அவுங்களுக்குக் குடுங்க மாமி. பாக்கெட்டைப் பிரிச்சுக்கச் சொல்லுங்க."

"கத்திரியா?" என்று என் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல கத்திரியக் கையில குடுத்தா உறவு வெட்டுப்பட்டுப் போவுமே!"

"அம்மா, உறவு இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள எங்க வெட்டுப்படும்?" என்று சீறிவிட்டேன். மாமி கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன். முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு நானே திரையை விலக்கிக் கூடத்துக்குப் போனேன்.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அத்தா என்னை முறைத்தார். தம்பி கத்திரியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"உள்ளேர்ந்து குடுத்தாங்கடா. பாக்கெட்டு இருக்காம். தையல பிரிச்சுக்கச் சொன்னாங்க."

அவன் காது சிவந்துவிட்டது. கத்திரியை எடுத்தான். நாள் முழுக்கச் செல்போனுக்குள் ஸ்க்ரூ கழற்றுகிற கை அது. துணி நிறத்திலேயே இருந்த மெல்லிய நூலை நுனியால் தூக்கி, ஒவ்வொன்றாக அறுத்தான். இடது பாக்கெட்டின் வாய் திறந்தது. கையை உள்ளே விட்டான். தோள்வரை இருந்த இறுக்கம் அவனிடமிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். எழுந்து நின்றான். சாய்ந்து, ஆனால் நிமிர்ந்து, கூடத்தைக் கடந்து திரைக்கு முன்னால் போய் நின்று, கத்திரியை நீட்டினான்.

"ரொம்ப தேங்க்ஸுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. "வலது பக்கமும் பிரிக்கணும்ல?" என்றது குரல்.

"அது வேணாங்க. இது போதும்."

அவளுடைய வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேண்டு எந்த நாட்டுது?" என்று அத்தாவைக் கேட்டார். அத்தா, கசங்கல் பேண்டில் தொடங்கி மருமகனின் கடைக் கதை முழுவதையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு அந்தக் கூடத்தில் பேச்சு நிற்கவில்லை.

திரும்பும்போது காரில் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான், "அவுங்க வேணாம்னு சொன்னாலும் பரவால்ல லாத்தா. எல்லாரும் காலதான் பாப்பாங்க. அவுங்க, என் கை எங்க போவுதுன்னு பாத்திருக்காங்க." கார் பக்கத்து ஊரான பு.முட்லூரைத் தாண்டுவதற்குள் தரகரின் போன் வந்தது. தங்கமான பையன் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைச் சொல்லவில்லை. நிக்காஹ் எந்த மாசம் வைக்கலாம் என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் போனில் சொன்னேன். "பாக்கெட்டு தையல பிரிக்கணும்னு நான் ஒருதரம்கூட உனக்குச் சொல்லலையே புள்ள," என்றார். "துணிய பத்தி அத்தனை பேசினேன், இத சொல்லலையே." அன்றைக்குத்தான் முதல்முறையாக, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்.

2012இல் அவர் ஒரு பார்சல் அனுப்பினார். தம்பிக்கென்றே தேடி எடுத்தவை. ட்வில்லும் இருந்தது, கொசுவம் வைத்ததும் இருந்தது, இடது பாக்கெட்டைக் கடையின் டெய்லரை விட்டே ஆழமாக்கித் தைத்திருந்தார். எல்லாத் தையலையும் பிரித்துத்தான் அனுப்பியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கடலூருக்குப் போனேன். எதை எப்போது போட வேண்டும், எதற்குக் கஞ்சி போடக்கூடாது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஓ.டி.யில் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, எதிரே ஒரு ஆள் கட்டம் போட்ட லுங்கி கட்டிக்கொண்டு, இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்தபடி நிதானமாக வந்துகொண்டிருந்தான். வலது கையில் பால் தூக்கு. பக்கத்தில் அவன் பெண்டாட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். கடை திறக்கிற நேரம். நான் பார்சலோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"பேண்டா லாத்தா?" என்றான் தம்பி, என் கையைப் பார்த்து. "வீட்டுல வச்சிரு. நான் பால் வாங்கிட்டு வந்துடறேன்."